பலகை மேல் ஈரத்துணி

கோப்பைக்குக் காது ஒட்டுகிறவளுக்கு அவசரமும் ஆகாது, அசதியும் ஆகாது. விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் கோதண்டபாணியின் பட்டறைக்குப் பானுமதி இந்த வேலைக்கு வந்தபோது அவள் மகள் துர்கா பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். இப்போது துர்கா கடலூரில் விடுதியில் தங்கி நர்சிங் படிக்கிறாள். இடைப்பட்ட காலம் முழுவதும் பானுமதி ஒரே பெஞ்சில், ஜன்னலோரத்தில், கோப்பைகளுக்குக் காது வைத்துக்கொண்டிருந்தாள்.

அச்சிலிருந்து எடுத்த டீ கோப்பைகளை நீளப் பலகையில் வரிசையாக அடுக்கிக் கொண்டுவந்து அவள் முன்னால் வைப்பார்கள். விரல் நுழைத்துப் பிடிக்கிற காதுகள் தனியாக ஒரு தட்டில் இருக்கும். காதின் இரண்டு முனையிலும் மண்கூழைத் தொட்டு, கோப்பையின் வயிற்றில் பொருத்தி, ஒரு மூச்சு நேரம் அழுத்திப் பிடித்து, பிதுங்கியதை ஸ்பாஞ்சால் துடைத்துவிட வேண்டும். பார்க்கிறவர்களுக்கு இவ்வளவுதான் தெரியும். கோப்பையும் காதும் ஒரே அளவு ஈரத்தில் இருக்க வேண்டும் என்பது பார்த்தால் தெரியாது. கோப்பை கொஞ்சம் கூடுதலாகக் காய்ந்திருந்தாலும் காது ஒட்டத்தான் செய்யும், பார்வைக்கும் குறையிருக்காது. சூளைக்குள் போன பிறகு மூட்டு வாயைத் திறந்துவிடும்.

அதனால் கூலி, ஒட்டிய கோப்பைக்கு இல்லை. சூளையிலிருந்து முழுசாக வெளியே வரும் கோப்பைக்குத்தான். யார் ஒட்டியது என்று தெரிய, ஒவ்வொருத்தியும் கோப்பையின் அடியில் நகத்தால் ஓர் அடையாளம் வைப்பாள். பானுமதியுடையது பிறை. அவளுக்குப் பக்கத்தில் உட்காரும் ராஜம்மாளுடையது இரண்டு புள்ளி. ராஜம்மாள் பானுமதியைவிடப் பத்து வயது மூத்தவள். அதிகம் பேசமாட்டாள், பேசினால் எதிரே இருப்பவர்கள் கொஞ்ச நேரம் பேசமாட்டார்கள்.

கோதண்டபாணிக்கு முழங்கால் வலி முற்றியதும், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி ஒன்றில் வேலையிலிருந்த மகன் பிரவீன்குமார் ஊருக்கு வந்து பட்டறையைப் பார்த்துக்கொண்டான். நல்ல பையன். வந்ததும் பெண்கள் பக்கத்துக்கு இரண்டு ஃபேன் போட்டான், கழிப்பறைக்குக் கதவு மாற்றினான். ஆனாலும் ஆள் நிற்கவில்லை. திருப்பூருக்கு ஒரு கூட்டம் போனது, துணிக்கடைக்கு ஒரு கூட்டம் போனது. அந்த இடங்களுக்குச் சமமாகக் கூலியை ஏற்ற அவனால் முடியாது. கூலியைத் தவிர இவர்களை இங்கே நிறுத்திவைக்க நம்மிடம் என்ன இருக்கிறது என்று யோசித்தான். பழைய கம்பெனியில் பார்த்த ஒன்று நினைவுக்கு வந்தது.

தை மாதம் கழிந்ததும் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னான். இனி மாதாமாதம் யாருடைய கோப்பை அதிகமாக முழுசாக வருகிறதோ அவர்தான் அந்த மாத நட்சத்திரம். வாசலுக்கு உள்ளே சுவரில் படம் மாட்டப்படும், கீழே பேர் எழுதப்படும், ஒரு பரிசும் உண்டு. தொடர்ந்து மூன்று மாதம் வருகிறவரை லைன் லீடர் ஆக்குவான். லைன் லீடருக்கு மாதச் சம்பளம்.

மாதச் சம்பளம் என்றதும் பெஞ்சில் எல்லோரும் நிமிர்ந்தார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் கோப்பை காயாது, சூளை எரியாது, காது ஒட்டுகிறவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வெறுங்கையோடு வீட்டில் உட்கார்ந்து மழையைப் பார்க்கிற அந்த நாட்களைப் பானுமதிக்கு நன்றாகத் தெரியும். மழை பெய்தாலும் சம்பளம் வரும் வேலை அந்தப் பெஞ்சில் யாருக்கும் இதுவரை வாய்த்ததில்லை.

முதல் மாதம் பானுமதிதான் வந்தாள். பிரவீன்குமார் தன் போனைத் தூக்கிப் பிடித்தான்.

"அக்கா, கொஞ்சம் சிரிங்க."

"சிரிச்சிக்கிட்டுத்தான் தம்பி இருக்குறேன்."

"அது சிரிப்பு இல்லீங்க சார்," என்றாள் பிரின்சி. பெஞ்சில் சின்னவள், வாய்த்துடுக்கு. "அது ஆதார் கார்டு மூஞ்சி. யாருன்னா கடன் குடுத்தவங்கள நெனச்சிக்காம நில்லுங்கக்கா."

அதைக் கேட்டுப் பானுமதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நொடியில் எடுத்த படம்தான் சுவருக்குப் போனது. பரிசு ஒரு ஹாட்பாக்ஸ். அதைவிட அவளுக்குப் படம்தான் பெரிதாக இருந்தது. கல்யாணப் படத்தில் அவள் குனிந்திருக்கிறாள். ரேஷன் கார்டில் குடும்பத்தோடு நிற்கிறாள். தனியாக, சிரித்துக்கொண்டு, கீழே தன் பேரோடு ஒரு படம் அவளுக்கு இதுவரை இருந்ததில்லை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவளுக்குப் பேர் எழுதிய எதையும் யாரும் கொடுத்ததில்லை. காலையில் கொஞ்சம் முன்னதாகவே வந்து, செருப்பைக் கழற்றுகிற சாக்கில் அதை ஒரு தரம் பார்த்துவிட்டு உள்ளே போவாள்.

துர்கா அதைத் தன் ஸ்டேட்டஸில் வைத்தாள். கணவன் பழமலைநாதன் ஜங்ஷனுக்கும் பாலக்கரைக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். போனில் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு ஏறுகிறவர்களுக்கெல்லாம் காட்டினான்.

"ஒரு பெரியம்மா பாத்துட்டு, எந்த வார்டுல நிக்கிறாங்கன்னு கேக்குது," என்றான் சாயங்காலம் வந்து.

"நீ என்னா சொன்ன?"

"ஓட்டு போடுங்கன்னேன்."

அடுத்த மாதமும் அவளே வந்தாள். இரண்டாவது படம் முதல் படத்துக்குப் பக்கத்தில் ஏறியது. 'ஸ்டாரம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். முதலில் அது விளையாட்டாக இருந்தது, பிறகு அவ்வளவு விளையாட்டாக இல்லை.

பெஞ்சில் சின்னச் சின்னதாகச் சில விஷயங்கள் மாறின. காதுத் தட்டு வந்தால் நல்ல காதாகப் பொறுக்கி முதலில் தன் பக்கம் வைத்துக்கொண்டாள் அமிர்தம். ஒருத்தியின் கூழ் கெட்டியாகிவிட்டால் பக்கத்துக்காரி தன்னுடையதில் ஒரு கரண்டி எடுத்து ஊற்றுவது நின்றது. இன்னொன்றும் நின்றது, அதைப் பானுமதி கவனிக்கவில்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில், பாதி ஒட்டிய பலகைகள் அப்படியே பெஞ்சில் காத்திருக்கும். மேற்குப் பக்கம் திறந்த பட்டறை. காற்று நேராக உள்ளே வரும். அந்தக் காற்றில் கோப்பை காய்ந்துவிடாமல் இருக்க, கடைசியாகக் கை கழுவப் போகிறவள் தொட்டியிலிருக்கும் பழைய வேட்டித் துணிகளை முக்கிப் பிழிந்து எல்லாப் பலகை மேலும் போட்டுவிட்டுப் போவாள். யார் முதலில் சாப்பிட்டு எழுந்தாளோ அவள் மறுபடியும் ஒரு தரம் தண்ணீர் தெளிப்பாள். இதற்கு ஒரு பேர் கிடையாது, முறை வைத்ததும் கிடையாது. தன் பலகை, அடுத்தவள் பலகை என்று யாரும் பார்த்ததில்லை. கோப்பைகளை எண்ணிப் பேர் எழுத ஆரம்பித்த பிறகுதான் பார்த்தார்கள். அவரவர் துணி அவரவர் பலகைக்கு என்றானது.

பானுமதி அந்த நேரத்தில் பட்டறையில் இருக்கமாட்டாள். அவள் தெருவில் நகராட்சித் தண்ணீர் ஒரு மணிக்குத்தான் வரும். புருஷன் ஆட்டோவில், மகள் விடுதியில். குடம் வைக்க அவளைத் தவிர ஆள் இல்லை. அதனால் மணி அடித்ததும் ஓடுவாள், தண்ணீர் பிடித்து, நின்ற வாக்கில் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவாள். திரும்பும்போது அவள் பலகை மேல் துணி ஈரமாக இருக்கும். எப்போதும் அப்படித்தானே இருந்தது. அதனால் அதில் நினைக்க ஒன்றுமில்லை.

மூன்றாவது மாதம் கத்திரி வெயிலில் வந்து சேர்ந்தது. புதுச்சேரி ஹோட்டல் ஒன்றுக்கு நிறைய கோப்பை அனுப்ப வேண்டியிருந்தது. அந்த நேரம் பார்த்து ராஜம்மாள் லீவு போட்டாள். சேத்தியாத்தோப்பில் கட்டிக்கொடுத்த மகளுக்குப் பிரசவம்.

"போயிட்டு வரேன் புள்ள," என்றாள். போகும்போது பெஞ்சை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள்.

மறுநாள் மணி அடித்ததும், வெயிலுக்குப் பயந்து பானுமதியே துணியை முக்கிப் பலகை மேல் போட்டுவிட்டுத்தான் தண்ணீருக்குப் போனாள். திரும்பி வந்து துணியைத் தூக்கினால் அப்பளம் மாதிரி விறைத்துக்கொண்டு வந்தது. கோப்பைகளின் விளிம்பு வெளுத்திருந்தது. ஒரு கோப்பையை எடுத்து உதட்டருகே வைத்துப் பார்த்தாள். ஈரத்தின் குளிர்ச்சி இல்லை.

இனி அவற்றில் காது ஒட்டக்கூடாது. உடைத்துக் கூழ்த் தொட்டியில் போட்டுவிட வேண்டும். மண் கெட்டுப்போகாது, மறுபடி கூழாகும். ஆனால் அன்றைய கணக்கு போய்விடும். மாதம் முடியப்போகிறது, பிரின்சி அவளை நெருங்கிவிட்டாள். பானுமதி கூழைக் கொஞ்சம் தளர்த்தியாகக் கரைத்து, கோப்பை மேல் ஸ்பாஞ்சால் இரண்டு தரம் தடவி, காதுகளை ஒட்டினாள். எல்லாம் ஒட்டிக்கொண்டன. பார்க்க அழகாகத்தான் இருந்தன. அடியில் பிறையை வைக்கும்போது மட்டும் நகம் மண்ணில் சட்டென்று இறங்கவில்லை.

அதற்கடுத்த நாள் துணியைப் பிழியாமலே சொட்டச் சொட்டப் போட்டுவிட்டுப் போனாள். திரும்பி வந்தபோது ஓரத்துக் கோப்பைகள் தண்ணீரில் குழைந்து சாய்ந்திருந்தன; நடுவில் இருந்தவை காய்ந்திருந்தன. துணி போட்டால் மட்டும் போதாது, பக்கத்தில் ஓர் ஆள் இருந்து பார்த்துப் பார்த்துத் தெளிக்க வேண்டும். அப்படியானால் இத்தனை நாள் யார் தெளித்தது?

"ஏன் பிரின்சி, மத்தியானத்துல யாரும் துணி நனைக்கறதில்லியா?"

"எங்களுத நாங்க நனைச்சிக்கிறோமேக்கா. உங்களுத ராஜக்கா நனைப்பாங்க."

"எப்பலேர்ந்து?"

"படம் மாட்டனதுலேர்ந்துதான். எங்களுக்கும் நனைக்கத்தான் வந்தாங்க. அமிர்தக்கா வேணாம்னுட்டாங்க, எங்க கணக்கு எங்களோட போவட்டும்னு. அதுலேர்ந்து சோத்து டப்பாவோட இங்கயே ஒக்காந்துக்குவாங்க. ரெண்டு வாய் தின்றது, எழுந்து உங்களுத ஒரு தரம் நனைக்கறது."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே யாரும்."

"உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சோம்," என்றாள் பிரின்சி. "செவுத்துல சிரிச்சிக்கிட்டு நிக்கிறது நீங்கதானே."

பானுமதி குனிந்து அடுத்த கோப்பையை எடுத்தாள். இரண்டு மாதமாகத் தன் கையைப் பற்றி அவளுக்கு ஒரு எண்ணம் இருந்தது. மற்றவர்களுக்கு வாய் திறக்கிற மூட்டு தனக்கு மட்டும் ஏன் நிற்கிறது என்று யாராவது கேட்டால், அது கை வாகு என்று சொல்லத் தயாராக இருந்தாள். யாரும் கேட்கவில்லை, நல்லவேளை.

வார முடிவில் சூளை திறந்தார்கள். சூளைக்காரர் கொளஞ்சியப்பன் தட்டுகளை வெளியே எடுத்து வைக்க வைக்க, பிரவீன்குமாரின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. பெஞ்சில் எல்லோருடைய கோப்பையிலும் காது விட்டிருந்தது. பிறை வைத்தவற்றிலும் நிறைய. சில காதுகள் தனியாகத் தட்டில் கிடந்தன.

"மண்ணுல கோளாறா இருக்கும்ணே," என்றான் பிரவீன்குமார். "லோடு மாறிப்போயிருக்கும். வேற எடத்துல வாங்கணும்."

"தீ சரியாத்தான் வச்சேன் தம்பி. அத மட்டும் எழுதிக்குங்க. இல்லன்னா கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது எழுதிக் கட்டிடுவேன்," என்றார் கொளஞ்சியப்பன். நியாயம் கிடைக்காதவர்கள் மனு எழுதிக் கட்டுகிற கோயில் அது.

எண்ணிப் பார்த்ததில், எல்லோருக்கும் குறைந்திருந்த அந்த மாதத்திலும் பானுமதிதான் முன்னால் இருந்தாள். ராஜம்மாள் ஊருக்குப் போவதற்கு முன் பானுமதி ஒட்டியிருந்த கோப்பைகள் அவளைத் தூக்கி நிறுத்தியிருந்தன. பிரவீன்குமார் அவளைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அக்கா, திங்கக்கெழம எல்லாரையும் வச்சி சொல்லிடறேன். லைன் லீடர் நீங்கதான். இந்த நெலமையில உங்கள மாதிரி ஒருத்தர்தான் எனக்கு வேணும்."

சாயங்காலம் ஆட்டோவில் முன்சீட்டில் உட்கார்ந்து வீட்டுக்குப் போகும்போது பானுமதி புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பழமலைநாதன் ஜங்ஷன் ரோட்டின் நெரிசலில் ஹாரன் அடித்துக்கொண்டே கேட்டான்.

"இப்ப என்னாங்கற? போயி சொல்லப்போறியா?"

"அதான் தெரியல."

"சொன்னா அந்த அக்காவுக்குக் குடுத்துடுவாங்களா?"

"குடுக்க மாட்டாங்க. அவங்க கோப்ப கொறைச்சல். மத்தியானமும் ஒக்காராம எழுந்து எழுந்து என்னுத நனைச்சா, அப்பறம் ஒட்டறதுக்குக் கையில தெம்பு எங்கேர்ந்து வரும்?"

"அப்ப உனக்கும் இல்ல, அவங்களுக்கும் இல்ல. மழையில வூட்ல ஒக்காந்திருந்தத மறந்துட்டியா நீ?"

"மறக்கல."

"லைன் லீடர் ஆயிட்டு அப்பறமா சொல்லேன். யாரு வேணாங்குறது?"

அது நியாயமாகத்தான் இருந்தது. அந்த நியாயத்தை அவள் ஞாயிற்றுக்கிழமை முழுதும் கையில் வைத்துப் பார்த்தாள். லைன் லீடர் ஆனபிறகு சொன்னால் அது பெருந்தன்மையாகிவிடும், எல்லோரும் மெச்சுவார்கள். ராஜம்மாள் என்ன செய்வாள்? மதியம் டப்பாவைத் திறப்பாள், எழுந்துபோய்த் துணியை முக்குவாள். அப்போது மேற்பார்வைக்கு நிற்கிற தான் எந்தப் பக்கம் பார்ப்பது என்று பானுமதிக்குப் புரியவில்லை.

திங்கட்கிழமை செருப்பைக் கழற்றும்போது சுவரைப் பார்க்காமல் நேரே பிரவீன்குமாரின் அறைக்குப் போனாள்.

"தம்பி, மண்ண மாத்தாதீங்க. மண்ணு நல்லாத்தான் இருக்குது. அவங்கவங்க துணிய ஒரு தரம் நனைச்சது இந்த வெயிலுக்குப் பத்தல. கணக்கு போயிடுமேன்னு காஞ்ச கோப்பையில காது ஒட்டனோம், அதான் வுட்டுடுச்சி. நானும் ஒட்டனேன்."

அவன் எழுந்து நின்றுவிட்டான். அவள் துணியைப் பற்றியும், சாப்பாட்டு நேரத்தைப் பற்றியும், ராஜம்மாளைப் பற்றியும் சொல்லி முடிக்கும்வரை நின்றபடியே கேட்டான்.

"துணி போடறத எப்பிடிக்கா கணக்குல கொண்டாரது?" என்றான் கடைசியில். வாதத்துக்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரியாமல் கேட்டான். "ஒட்டனது இவ்ளோன்னு எண்ணலாம். காயாம காப்பாத்தனத எப்பிடி எண்றது?"

"எனக்கும் தெரியல தம்பி. எம் பிறைன்னு நீங்க எண்றதுல அவங்க கையும் இருக்குது. அவ்ளோதான் எனக்குத் தெரியும்."

"நீங்க சொல்லாம இருந்திருந்தா இன்னிக்கி..."

"ஆமாம் தம்பி. சொல்லணும்னு ஆசப்பட்டு வரல."

அவன் கொஞ்ச நேரம் மேஜை மேலிருந்த காது விட்ட கோப்பையை உருட்டிக்கொண்டிருந்தான். நல்ல எண்ணத்தோடு தான் அடித்த ஆணி எங்கே இறங்கியிருக்கிறது என்று பார்க்கிற முகம் அது. அந்த மாதம் யார் பேரையும் அறிவிக்கவில்லை. அடுத்த மாதத்திலிருந்து பெஞ்சு மொத்தத்துக்கும் ஒரே கணக்கு, பரிசும் பெஞ்சுக்கு என்று சொன்னான். லைன் லீடர் விஷயம்?

"அத ஆயுத பூஜைக்குப் பாத்துக்கலாம்," என்றான். பட்டறைக்காரர்கள் எதையும் தள்ளிவைக்க அந்த நாளைத்தான் சொல்வார்கள். அவன் அப்பாவும் அப்படித்தான் சொல்வார்.

பெஞ்சில் எல்லோருக்கும் இது பிடித்துவிடவில்லை. "மெதுவா ஒட்றவளுக்கும் சேத்து நான் ஒட்டணுமா?" என்றாள் அமிர்தம். அதுவும் நியாயமான கேள்விதான். பிரின்சியோ, "அப்ப ஹாட்பாக்ஸ ஆறா வெட்டுவாங்களா?" என்று கேட்டாள்.

ராஜம்மாள் பேத்தி பிறந்த சந்தோஷத்தில் ஒரு டப்பா லட்டோடு வந்தாள். நடந்ததைப் பிரின்சி முதலிலேயே சொல்லிவிட்டிருந்தாள். பானுமதி லட்டை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏன்க்கா நனைச்சீங்க?"

"காஞ்சிது. நனைச்சேன். இதுக்கு என்னா காரணம் சொல்லச் சொல்ற?"

"எம் மேல கோவம் இல்லியா?"

"ஏன் இல்ல? உன் படத்தப் பாத்தா எரிச்சலாத்தான் இருந்துச்சி. ஒரு நாளு இன்னிக்கி நனைக்கவே கூடாது, காயட்டும்னு ஒக்காந்தேன்."

"அப்பறம்?"

"கோப்ப என்னா பண்ணிச்சி பாவம்," என்றாள் ராஜம்மாள். "லட்டத் தின்னு. கையில வச்சிக்கிட்டு நிக்காத, கூழாயிடும்."

பழைய படம் இரண்டையும் பிரவீன்குமார் கழற்றிக் கொடுத்தான். பானுமதி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒன்றைத் துர்காவுக்கு அனுப்பினாள். மற்றதை டிவிக்கு மேலே மாட்டினாள். கீழே பேரும் அப்படியே இருக்கிறது. அதைப் பார்க்க அவளுக்கு இப்போதும் பிடிக்கும். கூடவே, அந்த மாதச் சம்பளம் நினைவுக்கு வரும். வானம் கருக்கிற நாளில் கொஞ்சம் அதிகமாகவே வரும். தண்ணீருக்கு அவள் இப்போதும் ஒரு மணிக்கு ஓடுகிறாள். முன்பைவிடச் சீக்கிரம் திரும்புகிறாள். வந்ததும் முதலில் தொட்டிக்குப் போய்க் கையில் அகப்பட்ட துணியை நனைக்கிறாள். அமிர்தத்தின் பலகைக்குப் போட்டால் அமிர்தம் ஒன்றும் சொல்வதில்லை, நன்றியும் சொல்வதில்லை.

ஆடி மாதம் சூளை திறந்தபோது காது விட்ட கோப்பைகள் குறைவாகவே இருந்தன. பிரவீன்குமார் போனை எடுத்துக்கொண்டு பெஞ்சுக்கு வந்தான். சாப்பாட்டு நேரம் முடிகிற சமயம்.

"எல்லாரும் வரிசையா நில்லுங்க. பெஞ்சு மொத்தமும் ஒரே படம்."

பெண்கள் மண் படிந்த கையைப் புடவையில் துடைத்து, தலையைக் கோதிக்கொண்டு ஜன்னலோரம் நின்றார்கள். பிரின்சி எல்லோருக்கும் பின்னால் போய் நின்று, உயரம் போதாமல் ஒரு காலிப் பலகையை இழுத்துப் போட்டு ஏறினாள். போன் திரைக்குள் எல்லோரும் அடங்கிவிட்டார்கள்.

"சிரிங்கக்கா. ஒன்னு, ரெண்டு..."

"இருங்க தம்பி," என்றாள் பானுமதி.

அவளுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவு இடம் காலியாக இருந்தது. மேற்குப் பக்கத் தொட்டியடியில், இவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ராஜம்மாள் துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். ஆடிக் காற்று அவள் முந்தானையைத் தூக்கியடித்தது.

"ராஜக்கா, போட்டோ," என்று பிரின்சி கத்தினாள்.

"எடுத்துக்குங்க. இங்க காயிது."

பிரவீன்குமார் போனைத் தாழ்த்தி மணியைப் பார்த்தான். "நேரமாவுது. எடுத்துடட்டுமா?" என்றான்.

"அவங்க வரட்டும்," என்றாள் பானுமதி.

ராஜம்மாள் ஒவ்வொரு பலகையாகத் துணியை விரித்து, ஓரங்களை இழுத்து விட்டுக்கொண்டு வந்தாள். அவசரப்படவில்லை. கடைசிப் பலகை வரை எல்லோரும் சிரிப்பை முகத்தில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.